சாணி அடிக்கிற வேஷம்

சொன்னால் தற்பெருமை என்பீர்கள். ஆறாம் வகுப்பில் நடிப்புக்காக நான் பரிசு வாங்கியிருக்கிறேன். வேஷம்தான் கொஞ்சம் நாற்றமானது.

தொண்ணூறுகளின் நடுவில் புனேயில், விஷ்ராந்த்வாடிப் பக்கம் குடியிருந்தோம். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. அந்த வருஷம் பள்ளிச் சுதந்திர தின விழாவில், வரலாற்றை மாற்றிய பெண்களைப் பற்றி வகுப்புக்கு ஒரு நாடகம். எங்களுக்குக் கிடைத்தது, நூறு வருஷத்துக்கும் முன்னால் இதே புனேயில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்த ஓர் அம்மாவின் கதை. அவர் தெருவில் போகும்போது ஊரார் சாணியை வீசுவார்களாம். அவரோ பையில் இன்னொரு புடவை வைத்திருப்பாராம். பள்ளிக்கூடம் போனதும் மாற்றிக்கொண்டு பாடத்தை ஆரம்பித்துவிடுவாராம்.

அந்த அம்மாவாக நடிக்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் என் மராத்தி பாதிக்குப் பாதி தமிழ். பாயி, எங்கள் பள்ளியில் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவோம், என்னைச் சாணி அடிப்பவளாகப் போட்டுவிட்டார். ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. அட கஷ்டகாலமே! வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன்.

சமாதானம் செய்தது அத்தைதான். அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்தார். பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்று இரண்டு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அப்பா மசியவில்லை. தினமும் சாப்பாட்டுத் தட்டு முன்னால் அதே ரகளை. அந்த வாரத்தோடு சேர்க்கை முடிகிறது. அவ்வளவு துக்கத்திலும் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "அழாதடி. அடிக்கிறவ ஒழுங்கா அடிச்சாதான் நாடகம் நிக்கும்" என்றாள். சாணிக்கும் அவளே வழி செய்தாள். கேழ்வரகுக் களியைக் கொஞ்சம் தளரக் கிண்டி டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அசல் சாணி தோற்றது, போங்கள்.

கடைசி ஒத்திகையில் பாயி சும்மா கிடந்த சங்கை எடுத்து ஊதினார். "மரம் மாதிரி நிற்காதே. எதையாவது திட்டிக்கொண்டே வீசு. வீட்டில் பெரியவர்கள் எப்படித் திட்டுவார்களோ அப்படி. எந்த மொழியானாலும் சரி" என்றார். எனக்கு வசனம் கிடைத்துவிட்டது. மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

விழா அன்று மூன்றாவது வரிசையில் அம்மா, அப்பா, அத்தை. நாயகி பையை மாட்டிக்கொண்டு மேடையில் நடந்து வந்தாள். நான் பாவாடையைத் தூக்கி, அப்பா லுங்கியை மடித்துக் கட்டுகிற மாதிரியே செருகிக்கொண்டேன். களியை ஒரு கை அள்ளிக் குறிபார்த்து வீசினேன். சப்பென்று அவள் தோளில் போய் ஒட்டியது. குரலைக் கட்டையாக்கிக்கொண்டு தமிழிலேயே கத்தினேன்:

"பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்குடி படிப்பு? கரண்டி புடிக்கிற கைதானே அது! நாளைக்கு நாலு பேரு காறித் துப்புனா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வேலைக்குப் போறது? கூடப் பொறந்த அண்ணன் சொல்றேன், வாய மூடிக்கினு வூட்ல கெட!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒருவருக்கும் ஒரு சொல் புரிந்திருக்காது. ஆனால் கோபம் மராத்தியிலும் அப்படித்தானே இருக்கும். கூட்டத்தில் இருந்த இன்னொரு தமிழ்க் குடும்பம் மட்டும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மெல்ல அப்பா பக்கம் திரும்பிப் பார்த்தது. அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாயகியும் சளைக்கவில்லை. மறைவில் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து பாடம் நடத்தினாள். ஆனாலும் பரிசு எனக்குத்தான்!

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அத்தை காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். எனக்குப் பாராட்டு வேண்டியிருந்தது. "எப்பிடிப்பா நடிச்சேன்?" என்று அப்பாவைக் கேட்டேன்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அச்சு அசலா இருந்துதும்மா" என்றார்.

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போகவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். "கெளம்பும்மா. சர்ட்டிபிகேட்டுங்கள எல்லாம் எடுத்துக்க. லேட்டா போனா சீட்டு இருக்காது" என்றார். அத்தை பல் தேய்க்கிற பிரஷை வாயில் வைத்தபடி அப்படியே நின்றாள். அம்மாதான் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்த் தலைவாரிவிட்டாள். பத்தே நிமிஷத்தில், தினமும் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிற அப்பாவின் ஸ்கூட்டரில் அத்தை ஏறிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! மேடையில் நின்று தொண்டை கிழியக் கத்தியவள் நான். பரிசு வாங்கியவள் நான். நான் புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து போக வேண்டுமாம். ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்து பார்த்த அத்தைக்கு ஸ்கூட்டர் சவாரியாம். இந்த வீட்டில் திறமைக்கு மரியாதையே இல்லை என்று பள்ளிக்கூட வாசல் வரை கறுவிக்கொண்டே போனேன்.