சீதன வீட்டுக்கு ஒரு கையெழுத்து

எண்பதுகளின் கடைசியில், மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய கையோடு, லண்டன் ஈஸ்ட் ஹாமில் பெரியவர்களுக்கான வகுப்பு ஒன்றில் வரலாறு படிக்கச் சேர்ந்தேன். அந்தத் தவணைக்குப் பாடம் அமெரிக்கப் பெண்களின் வரலாறு. எழுபதுகள் வரைக்கும் அங்கே கல்யாணமான பெண் கடனட்டை கேட்டுப் போனால், பல வங்கிகள் கணவனின் கையெழுத்தைக் கேட்டனவாம். ஆசிரியை இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிலவுக்கு ஆள் அனுப்பிய நாட்டிலா இந்தக் கூத்து?

கையை உயர்த்தினேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணுக்குத்தான் என்றேன். அப்பா சீதனமாக எழுதித் தந்த வீடு இன்றும் என் பெயரில் இருக்கிறது, அதில் ஒரு ஓடுகூடக் கணவருக்குச் சொந்தமில்லை என்றேன். வகுப்பே வாயைப் பிளந்தது. விடுவேனா? வகுப்புக்கு எழுதவேண்டியிருந்த கட்டுரையின் கடைசி வரியாகவும் அதையே எழுதிக் கொடுத்தேன்.

அந்த மாதமே ஊரிலிருந்து தங்கையின் கடிதம் வந்தது. முப்பத்துநாலு வயதில் அவளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சீதனமாக வீடு கேட்டார்கள். 'அக்கா, நீங்கள் இனி இஞ்ச வந்து இருக்கப்போறதில்லை. உங்கட வீட்டை எனக்கு எழுதித் தர ஏலுமோ?' என்று கேட்டிருந்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடிதத்தை மடிப்பதற்குள் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன்.

ஈஸ்ட் ஹாமிலேயே சேலைக்கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் ஊர்க்காரரான சொலிசிட்டர் ஒருவர் வழக்கறிஞர் தொழில் பார்த்துவந்தார். வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதியை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, உங்கட கணவரும் வந்து கையெழுத்து வைக்கவேணும்."

"அவர் ஏன்? வீடு என்ர."

"ஓம், உங்கடதான். ஆனா அவர் எழுத்தில சம்மதிக்காமல் நீங்கள் அதை ஒருத்தருக்கும் குடுக்க ஏலாது. யாழ்ப்பாணத்துக்கெண்டு இருக்கிற தேசவழமைச் சட்டம் அப்பிடி."

"தேசவழமை எங்களுக்கு வீடு தாற சட்டமெல்லோ!"

"தாறதும் அதுதான், தடுக்கிறதும் அதுதான்."

தேசவழமை என்ற சொல்லை எத்தனை கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! அதற்குள் இப்படி ஒரு பூட்டு இருப்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பேருந்தில் ஏறி, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

என் கணவர் கெட்டவர் அல்ல. குரலை உயர்த்தவே மாட்டார். "எங்களுக்கும் ஒரு பெட்டை வளருறாள். யோசிச்சுச் சொல்லுறன்," என்றார்.

"அது என்ர வீடு," என்றேன்.

"ஆர் இல்லையெண்டது?" என்று தேத்தண்ணியைக் குடித்தார். அந்த அமைதிதான் என்னைக் கொதிக்கவைத்தது.

வாரங்கள் போயின. தங்கையின் இரண்டாவது கடிதம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் வரைக்கும்தான் பொறுப்பார்களாம். அதற்குப் பிறகு நான் செய்தவற்றை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நண்டுக்கறி வைத்தேன். ஷிப்டுக்குப் போகும் அவருடைய சட்டைகளை மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணினேன். நூறு தரம் கேட்ட பகிடிக்குப் புதிதாகச் சிரித்தேன். அமெரிக்கப் பெண்களைப் பார்த்துச் சிரித்த அதே வாய்தான்.

இதற்கிடையில் கட்டுரை திருத்தி வந்தது. கடைசி வரிக்குப் பக்கத்தில் பெரிய சரி போட்டு, வகுப்புக்கு வாசித்துக் காட்டச் சொன்னார் ஆசிரியை. தொண்டை சரியில்லை என்று பொய் சொன்னேன்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, "சரி, வா," என்று அவராகவே கூட்டிப்போய்க் கையெழுத்து வைத்தார். சொலிசிட்டர் எழுந்து அவருக்குக் கைகொடுத்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, "நீங்களும் இதில ஒண்டு வையுங்கோ அக்கா," என்றார்.

தையில் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. அது நடந்ததில் எனக்கு இன்றுவரை சந்தோஷம்தான். ஆனால் மாசியில் அவளிடமிருந்து வந்த நீலக் கடிதத்தின் முகவரியில் என் கணவரின் பெயர் இருந்தது. சாப்பாட்டு மேசையில் அவர் அதைச் சத்தமாக வாசித்தார்:

'அன்புள்ள அத்தான், நீங்கள் வீடு தந்தபடியால்தான் எனக்கு இந்த வாழ்வு. சாகும்வரைக்கும் மறக்கமாட்டன். அக்காவையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.'