பத்து லட்சத்து ஒன்று

சித்தூரில் ஒரு தனியார் ஜூனியர் காலேஜில் கணக்கு லெக்சரர் தியோடர். திருப்பதியில் ஒரு கோச்சிங் சென்டர் ஆண்டுதோறும் நடத்தும் திறனறித் தேர்வுக்கு அவர்தான் கேள்வித்தாள் தயாரிப்பார். முதலிடம் பிடிக்கும் பிள்ளைக்கு இரண்டு வருடம் இலவசப் படிப்பு.

தேர்வன்று காலை, திருப்பதி பஸ்ஸில் கேள்வித்தாளைப் புரட்டியவர் ஒரு கேள்வியில் அப்படியே நின்றுவிட்டார். இவற்றுள் பகா எண் எது? அவர் வைத்திருந்த விடை 1000001. மூன்று, ஏழு, பதினொன்று, பதிமூன்று என எதால் வகுத்தாலும் இரண்டு மீதி வந்தது. அதோடு திருப்திப்பட்டு, பகா எண் என்று முடிவு கட்டிவிட்டிருந்தார். இப்போதுதான் உறைத்தது: நூற்றின் கனத்தோடு ஒன்றின் கனத்தைக் கூட்டினால் வருவதுதானே இந்த எண்? அப்படியென்றால் நூற்றொன்றால் மீதியின்றி வகுபடுமே! கொடுத்த நான்கில் பகா எண்ணே கிடையாது.

காணிப்பாக்கம் பிரிவில் கோயில் வண்டிகள் அடைத்துக்கொண்டு பஸ் நகரவில்லை. சென்டர் நடத்தும் சிட்டிபாபுவுக்குப் போன் போட்டார்.

"பர்வாலேது சார், ஒண்ணும் ஆகாது. மத்த மூணும் தப்புன்னு பாத்தாலே தெரியுது. எல்லாரும் இதத்தான் டிக் பண்ணுவாங்க. வுடுங்க."

"யோசிக்காத பசங்க டிக் பண்ணிட்டுப் போய்டும். நெசமா வகுத்துப் பாக்குற பிள்ள அங்கயே மாட்டிக்கினு நிக்கும்யா!"

சிட்டிபாபு போனை வைத்துவிட்டார்.

தியோடர் ஓட்டமும் நடையுமாய்ப் போய்ச் சேர்ந்தபோது தேர்வு முடியக் கால் மணிநேரமே இருந்தது. வாசலில் சிட்டிபாபு கையை நீட்டி மறித்தார்.

"வெளிய பேரண்ட்ஸ் நிக்கறாங்க சார். சென்டர் பேரு கெட்டுடும்."

"கெடப்போறது எம் பேரு. வழி வுடு."

ஹாலுக்குள் நுழைந்து உரக்கச் சொன்னார்: "அந்தப் பகா எண் கேள்வி தப்பு. நான்தான் தப்பாப் போட்டுட்டேன். அத வுட்டுட்டு மத்தத எழுதுங்க."

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். வெதுருகுப்பத்துப் பிரமிளா. மேசையிலிருந்த தாள் முழுக்க வகுத்தல்.

"தொண்ணூத்தி ஏழு வரைக்கும் வகுத்துட்டேன் சார். அடுத்தது நூத்தி ஒண்ணுதான்..." அதற்குப் பின்னால் இருந்த கேள்விகளை அவள் தொடவே இல்லை.

தியோடர் சண்டை பிடித்து எல்லோருக்கும் பத்து நிமிடம் கூடுதலாக வாங்கினார். பிரமிளாவுக்கு அது போதவில்லை. அன்று மாலையே திருத்தி முடித்தார்கள்; இலவச இடம் ஒரு பையனுக்குப் போனது. இனி கேள்வித்தாள் வேண்டாம் என்று சிட்டிபாபு அங்கேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்தவரைப் பிரமிளாவின் அப்பா கோவர்த்தனன் பிடித்துக்கொண்டார். "நீ பண்ண தப்புக்கு எம் பொண்ணு ஏன் சார் தோக்கணும்?"

"இரு நைனா," என்று அப்பாவை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள் பிரமிளா. "சார், நூத்தி ஒண்ணால வகுத்தா ஒம்பதாயிரத்தி தொள்ளாயிரத்தி ஒண்ணு வருது. அது பகா எண்ணா?"

ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தியோடர் அதை விழுங்கினார்.

"தெரியலம்மா. வா, வகுத்துப் பாப்போம்."