டிகாக்சினும் மரியாதையும்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழில், தலைமை உதவியாசிரியர், எங்களுக்குச் சுருக்கமாகத் 'தலைமை', ஒருநாள் புரூஃப் தாளை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கத்தினார்.

"என்னய்யா தாள் இது? சாம்பார்ல முக்கி எடுத்தீங்களா?"

அச்சுக்கூட மேற்பார்வையாளர் ஓடிவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளையாத்தான் இருக்கு சார். நீங்க போடுற சினிமா நியூஸ்தான் மஞ்சள் லா."

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சுவர், மின்விசிறி, என் சட்டை எல்லாமே அவருக்கு மஞ்சளாகத் தெரிந்தன. விளக்கைச் சுற்றி ஒரு வளையம் வேறு.

காமாலை என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காமாலை வந்தவருக்கு உலகமே மஞ்சளாகத் தெரியும் என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மஞ்சளாவது கண்தான், அந்தக் கண் பார்க்கும் பொருளல்ல என்று எந்த டாக்டரும் சொல்லியிருப்பார். எந்தச் செய்தியையும் இரண்டு இடத்தில் சரிபார்ப்பதாகப் பெருமையடித்துக்கொண்ட அலுவலகம், இதை ஓரிடத்திலும் விசாரிக்கவில்லை. அவருடைய கண்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்ததையும் கவனிக்கவில்லை.

மதியத்துக்குள் சிராங்கூன் சாலையிலிருந்து கீழாநெல்லி வந்துவிட்டது. விளம்பரப் பிரிவுக்காரர் அதை மோரில் கலக்கிக் கொடுத்தார். "கண்ண மூடிட்டுக் குடிங்கண்ணே. தன்னால சரியாயிடும்."

"இங்கிலீஷ் மருந்தெல்லாம் கெமிக்கல். இது செடி," என்று சொல்லிக் குடித்தார் தலைமை.

மறுநாள் குப்பைத்தொட்டியில் வாந்தியெடுத்தார். "பித்தம் வெளிய வருதுண்ணே, நல்ல சகுனம்," என்று விளம்பரப் பிரிவு மகிழ்ந்தது. அன்று மாலை எழுந்து நின்றவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி ஒருமுறை அடித்தது. இனி அடிக்காது என்று நான் முடிவுக்கு வந்த பிறகு இன்னொரு முறை அடித்தது. பிடோக்கில் இருந்த அவர் மனைவிக்குத் தொலைபேசியில் சொல்லி, வீட்டிலுள்ள மருந்தையெல்லாம் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வரச் சொன்னோம்.

அங்கே ஒரு சீன டாக்டர், இளம்பெண், இசிஜி தாளைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார். "நாங்க இதயத்துக்குக் குடுக்கிற டிகாக்சின் மாத்திரையைத் தவிர வேற மெடிசின் ஏதாவது எடுக்கிறீங்களா, அங்கிள்?"

"நோ, டாக்டர். ஒன்லி யுவர் மெடிசின்."

"என்ன நோ?" என்றார் மனைவி.

"சும்மா இரு. அவங்க முன்னாடி இன்னொரு டாக்டரைப் பத்திப் பேசினா மரியாதையா இருக்காது."

"நீங்க போய்ச் சேர்ந்துட்டா அந்த மரியாதைய வச்சு நான் என்ன பண்றது?" என்று பையை அப்படியே கட்டிலில் கவிழ்த்தார். கீழாநெல்லிப் பொட்டலம், வயிற்றுவலித் தைலம், குயினிடின் சீசா. "சிராங்கூன் ரோட் டாக்டர் குடுத்தது. எவ்ரி மந்த் கோயிங்."

டாக்டர் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டுச் சீசாவை எடுத்தார்.

விஷயம் இதுதான். தலைமைக்கு இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்தன. அத்தனை துடிப்பும் கீழறைகளுக்குப் போய்விடாமல் வழியிலேயே தடுத்து வேகத்தைக் குறைப்பது டிகாக்சின். குப்பைச் செய்திகள் அச்சுக்குப் போகாமல் தடுக்க வேண்டிய அவருடைய வேலையும் ஏறக்குறைய அதுதான். மாத்திரை அதை அவரைவிட ஒழுங்காகச் செய்தது. ஆனால் துடிப்பு மெதுவானதே தவிர சீராகவில்லை. பொறுமையிழந்தவர் சிராங்கூன் சாலை கிளினிக்குக்குப் போக, அந்த டாக்டர் தாளத்தையே சரிசெய்யக் குயினிடின் கொடுத்தார். அவரிடமும் டிகாக்சினைப் பற்றிச் சொல்லவில்லை. செய்தியாளர்களை மாடிப்படி வரை கேட்கும்படி முட்டாள் என்று திட்டுகிறவருக்கு, டாக்டர்களைக் கண்டால் மட்டும் மரியாதை பொங்கும்.

குயினிடின் உடன் இருந்தால் டிகாக்சின் உடம்பைவிட்டுச் சுலபமாக வெளியேறாது, ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும் என்றார் டாக்டர். இது தெரியவந்தே சில வருடங்கள்தான் ஆகின்றனவாம். ஏறினால் முதலில் பார்வை மஞ்சளாகும், பிறகு வாந்தி, பிறகு நாடி விழும். அதற்குப் பிறகு என்ன என்று மனைவி கேட்டார். டாக்டர் தாதியை அழைத்தார்.

கெமிக்கல் என்று தலைமை திட்டிய டிகாக்சினும் ஒரு செடியின் இலையிலிருந்து எடுப்பதுதான் என்பதையும் டாக்டர் மூலம் தெரிந்துகொண்டோம்.

இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திக் கண்காணித்தார்கள். சில நாள் கழித்து நான் பார்க்கப் போனபோது, "பெட்ஷீட் வெள்ளையா தெரியுது," என்றார்.

"துவைச்சிருப்பாங்க," என்றார் மனைவி.

வேலைக்குத் திரும்பியவரிடம் விளம்பரப் பிரிவுக்காரர், "கீழாநெல்லி கேட்டுச்சா இல்லையா?" என்றார். கேட்டது என்று தலையாட்டினார். உண்மையைச் சொல்வதென்றால் இரண்டு டாக்டர் கதையையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஒருநாள் அவரோடு சிராங்கூன் சாலையில் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையை உதறிவிட்டு நடுரோட்டில் இறங்கி எதிர்ப்பக்கத்துக்கு ஓடினார். பேருந்து ஒன்று அலறிக்கொண்டு நின்றது. நானும் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"என்ன சார், இப்பத்தானே பிழைச்சு வந்தீங்க!"

"மெதுவாப் பேசுங்க," என்றார் மூச்சிரைக்க. "அந்தப் பக்கம் கிளினிக் கதவு திறந்திருக்கு. நாம ஏன் வரதில்லன்னு டாக்டர் வருத்தப்பட மாட்டாரு?"