அக்காவின் தீவுப் பாஸ்போர்ட்

அக்கா வெளிநாட்டுக்காரியாக முதன்முதலில் பூனாவுக்கு வந்த டிசம்பரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு இளகிவிடும். கோந்த்வாவில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜைமேல் கருநீல அட்டை போட்ட பாஸ்போர்ட் ஒன்றை எடுத்து வைத்தாள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான். ஆனால் அட்டையில் ஜெர்சி என்ற தீவின் பெயரும் சேர்ந்து இருந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் கிடக்கிற சின்னத் தீவு அது. தனி சட்டசபை, தனி நோட்டு, பாஸ்போர்ட் கொடுக்கத் தனி ஆபீஸ் எல்லாம் உண்டு என்று அக்கா சொன்னாள்.

அவள் நர்ஸ் வேலைக்கு அங்கே போனபோது எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த இடம் தெரியாது. அப்பாவுக்கு ஜெர்சி என்றால் பசுமாடு. திருநெல்வேலியிலிருந்து வந்து, பூனா கன்டோன்மென்டில் ராணுவக் கணக்கு ஆபீசில் காலத்தைக் கழித்தவர் அவர். அட்லஸில் தேடிப் புள்ளியளவு தீவைக் கண்டுபிடித்து, மாடும் அங்கிருந்து வந்ததுதான் என்று தெரிந்ததும் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். அக்காவின் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அவர்தான் கூடவே அலைந்தார். விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு அம்மா உளுந்து வடை சுட்டுக் கொடுத்தாள். அவரும் சாப்பிட்டுவிட்டு, பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புகிறீர்களே என்று மராத்தியில் வருத்தப்பட்டார்.

அந்த டிசம்பரில் அப்பா இல்லை. இறந்து சில வருஷம் ஆகியிருந்தது.

பம்பாய் ஏர்போர்ட்டில் நடந்ததைக் காரில் வரும்போதே அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். வெளிநாட்டினர் வரிசையில் நின்றிருக்கிறாள். கவுன்டரில் இருந்த அதிகாரி, பிறந்த ஊர் புனே என்று இருப்பதைப் பார்த்துவிட்டு மராத்தியில் பேச்சுக் கொடுத்தார். இவளும் மராத்தியிலேயே பதில் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டாராம். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். இவள் விரல்விட்டு நாளை எண்ணிச் சொன்னாளாம்.

அம்மா பாஸ்போர்ட்டைக் கையில்கூட எடுக்கவில்லை.

"அப்போ இனிமே இங்க வாரதுக்கு நீ விசா வாங்கணுமாட்டி?"

"ஆமாம்மா."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதன்பிறகு சாப்பிடக் கூப்பிடுவதோடு சரி. அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று என்னிடம் மட்டும் தனியாகக் கேட்டாள்.

கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் உருட்ட மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தபோதுதான் அக்கா வாயைத் திறந்தாள். அவள் மகள் தீவிலேயே பிறந்தவள். அந்தப் பாஸ்போர்ட் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கப்பலில் பிரான்சுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே படிக்கட்டில் விழுந்து மகளுக்குக் கை முறிந்துவிட்டது. அக்கா வார்டில் டூட்டியில் இருந்தபோது போன் வந்தது. அவள் வீட்டுக்காரருக்குக் கப்பல் வேலை, அப்போது எங்கோ தூரக்கடலில் இருந்தார். இவள் யூனிபார்மோடு துறைமுகத்துக்கு ஓடினாள். இந்தியப் பாஸ்போர்ட்டில் பிரான்ஸ் விசா இல்லாததால் கப்பலில் ஏற விடவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்மணி தன் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள்.

"வானம் தெளிவா இருந்துச்சும்மா. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியுது. எம்புள்ள அங்க அழுதுக்கிட்டு கெடக்கா. நான் நர்ஸு, இந்தக் கரையில நிக்கேன்."

அதற்குப் பிறகுதான் அந்த ஊர்க் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். இரண்டும் வைத்துக்கொள்ள முடியாதென்று இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பி ஒப்படைத்த அன்று வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் படுத்துக் கிடந்ததாகவும் சொன்னாள்.

அம்மாவின் கையில் பிடித்த உருண்டை அப்படியே இருந்தது.

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரி நல்லா இருக்கணும்" என்றாள் கடைசியில். கையைக் கழுவிவிட்டு வந்து, "எங்க, அதக் கொண்டா" என்று பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோ இருந்த பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள். "நீ பொறந்தப்போ பூனாதான். புனேன்னு போட்டிருக்கான்" என்றாள். அக்கா சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள்.

அந்த விடுமுறையில் மிச்சமிருந்த நாட்களைப் போல நாட்கள் என் வாழ்க்கையில் பிறகு வாய்க்கவில்லை. ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு கேம்ப் கடைவீதிக்குப் போவோம். ஷ்ரூஸ்பரி பிஸ்கட் வாங்க வரிசையில் நிற்போம். நாங்கள் வளர்ந்த குவார்ட்டர்ஸ் வாசலில் அம்மா நின்று, நாங்கள் சைக்கிள் பழகி விழுந்த இடத்தை அப்போது அங்கே குடியிருந்த பெண்ணுக்கு ஹிந்தியும் மராத்தியும் கலந்து விளக்கினாள். அந்தப் பெண் டீ போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் அக்கா வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்கிவிட்டாள். விசாத் தொல்லை தீர்ந்தது. மகளையும் கூட்டி வந்தாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தடுமாறும், பேத்திக்குத் தமிழ் தடுமாறும். இருந்தும் இரண்டு பேரும் பகலெல்லாம் பால்கனியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அம்மா இப்போது இல்லை. ரிட்டயர் ஆனதும் அக்கா திரும்பி வருவாள், இதே கட்டடத்தில் ஒரு ஃபிளாட் பார்க்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன முறை வந்தபோது அதைச் சொன்னேன்.

"இல்லடா தம்பி. அங்கதான் இருப்பேன். இங்க வந்துட்டுப் போவேன்" என்றாள்.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் அதைச் சொன்ன விதத்தில் தயக்கமே இல்லை. மறுநாள் பூனாக் காரப் பலகாரமான பகர்வடி இரண்டு பாக்கெட் வாங்கி அவள் பெட்டியில் வைத்து, அவளைப் பம்பாய் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.