நேரலையில் ஒரு காதுகுத்து

ஈஸ்வரபாண்டியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேரில் தெரியாவிட்டாலும் போனில் பார்த்திருப்பீர்கள். வாழைத்தார் ஏற்றிய லோடு வண்டிக்கு முன்னால் நின்று, கூலிங் கிளாஸைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, "வணக்கம் உறவுகளே!" என்று தொண்டை கிழியக் கத்துவானே, அவன்தான். சின்னமனூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரன். உலகம் முழுக்க அவனுக்கு உறவு. எதிர்வீடு மட்டும் அதில் சேராது.

சும்மா சொல்லவில்லை. என் அண்ணன் பொன்னுராஜ் இறந்த அன்று தெருவே எங்கள் வாசலில் நின்றது. இவன் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து, அண்ணன் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தியை எரியவிட்டு, சோகப் பாட்டை ஒட்டி, 'ஆழ்ந்த இரங்கல்' என்று வீடியோ போட்டான். இறங்கி வந்து தெருவைத் தாண்டி என் கையைப் பிடிக்க அவனுக்கு நேரமில்லை. மறுநாள் அந்த வீடியோவுக்கு விழுந்த லைக்குகளை என்னிடமே கொண்டுவந்து காட்டினான். செருப்பைக் கழற்றலாமா என்று இருந்தது எனக்கு.

வீட்டிலும் இதே கூத்துதான். மனைவி முனீஸ்வரி குழம்பை ஊற்றினால் ஆவி பறப்பதைப் படம் பிடிப்பான். ஆவி அடங்கிய பிறகுதான் சோற்றில் கை வைப்பான். குழம்பு பிரமாதம் என்று மலேசியாவில் இருக்கும் முகம் தெரியாத யாருக்கோ சொல்வான். வைத்தவள் பக்கத்திலேயே நிற்பாள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டான்.

இப்படிப்பட்டவன் மகளுக்குக் காதுகுத்து வைத்தான்.

எங்கள் பக்கம் காதுகுத்தென்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்த மாமனைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வீடு தேடிப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். கறியில் உப்பு குறைந்தால் பொறுத்துக்கொள்வார்கள். இதில் குறை வைத்தால் மாமன் படியேற மாட்டார். முனீஸ்வரிக்கு ஒரே அண்ணன், ஜெயமங்கலத்தில் விவசாயம் பார்க்கும் கோட்டைச்சாமி. அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியது அவர் மட்டும்தான்.

"ஒரு எட்டு போயி அண்ணனுக்கு வெத்தல வச்சிட்டு வந்துருவோம்ங்க" என்று அவள் கெஞ்சியது எங்கள் வீடு வரை கேட்டது.

"எந்தக் காலத்துல இருக்க நீ? மச்சானுக்கு வீடியோவே அனுப்பிட்டேன். ப்ளூ டிக் விழுந்துருச்சு, பாத்துட்டாக. பாத்தா வருவாக."

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். மேளம் முழங்க, மேலே ட்ரோன் பறக்க, நடுவில் இவனே கைகூப்பி நின்றான். அதை 'சொந்தபந்தம்' குரூப்பில் தட்டிவிட்டிருந்தான். பஞ்சர் கடைக்காரருக்கும் இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கும் போன அதே அழைப்புதான் தாய்மாமனுக்கும் போயிருக்கிறது. வாராவாரம் பெரியகுளத்துக்கு லோடு அடிக்கிறவன் இவன். அங்கிருந்து ஜெயமங்கலம் பக்கந்தான். வண்டியைத் திருப்ப மனசு வரவில்லை.

காதுகுத்து அன்று குலதெய்வக் கோயிலில் கறி வெந்துகொண்டிருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமனுக்கு விரித்த ஜமுக்காளம் காலியாகக் கிடந்தது. முனீஸ்வரி பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈஸ்வரபாண்டி போனைக் குச்சியில் மாட்டி லைவ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"உறவுகளே, மச்சானும் லைவ்ல வந்துட்டாக!" என்று திடீரென்று குதித்தான். கோட்டைச்சாமி வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் குரூப்பில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. தட்டு நிறையப் பழம், பட்டுப்பாவாடை, கொலுசு, எல்லாம் இணையத்தில் எடுத்தது. கீழே எழுதியிருந்தார்: 'மாப்ள, போன்ல கூப்பிட்டீக. சீரும் போன்லயே வருது.' அடுத்து இன்னொரு படம். சம்மணம் போட்ட அவருடைய மடி, வெள்ளை வேட்டியோடு. 'மடியும் அனுப்பிருக்கேன். பிள்ளைய உக்கார வச்சுக்கோங்க.'

கூட்டம் சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன். முனீஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இப்பவாச்சும் கெளம்புங்க" என்றாள் புருஷனிடம். "வண்டி அங்கன தான நிக்கிது. நேர்ல போயி கூப்பிட்டா அண்ணன் வந்துருவாக."

அவன் போனைக் கையால் பொத்தினான். "ஆயிரம் பேரு பாத்துக்கிட்டு இருக்காக. பாதியில எப்புடி நிறுத்துறது? நீ கொஞ்சம் சிரிச்ச முகமா நில்லு."

அவள் நிற்கவில்லை. சாமிக்கு வைத்திருந்த வெற்றிலைத் தட்டை எடுத்தாள், பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்தாள், ஆசாரியையும் கிளப்பினாள். "அண்ணே, ஒரு ஆட்டோ புடிச்சுக் குடுங்க" என்றாள் என்னிடம். பிடித்துக் கொடுத்தேன். அவள் ஏறுவதையும் அவன் லைவில் காட்டினான். "சின்ன சர்ப்ரைஸ் உறவுகளே, மாமனக் கூட்டியாரப் போறாக!" என்றான்.

கறிச்சோறு தீர்ந்து கூட்டமும் கலைந்தது. ஆட்டோ திரும்பி வரவில்லை. சாயங்காலம் கோட்டைச்சாமியின் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்திருந்தது. அவர் வீட்டுக் கூடத்தில், அவர் மடியில் உட்கார்ந்து பிள்ளை வாயைப் பிளந்து அழுகிறது. இரண்டு காதிலும் தோடு. பக்கத்தில் முனீஸ்வரி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து எதிர்வீட்டுக்காரன் நானே பார்த்ததில்லை.

ஈஸ்வரபாண்டி அந்தப் படத்தையும் என்னிடம் காட்டினான். பெரிதாக்கி, மகளின் காதைப் பார்த்தான். வண்டிச் சாவி அவன் பையில்தான் இருந்தது. இப்போதாவது கிளம்புவான் என்று நினைத்தேன். அவன் ஒரு ஹார்ட்டை அமுக்கிவிட்டுக் காத்திருந்தான்.

நீல டிக் விழுந்தது.

"பாத்துட்டாக" என்றான்.

வேறு எதுவும் வரவில்லை.