மெஹர்பானு ஆலிமாவும் ஏரிக்கரை ட்ரோனும்

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில், பாறைக் கரட்டுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிற ஊருக்குத்தான் மெஹர்பானு வாழ்க்கைப்பட்டு வந்தாள். சேலத்தில் பெண்கள் மதரஸாவில் படித்துத் தேறிய ஆலிமா. குர்ஆன் ஓதிக் கொடுப்பதில் மகா கறார். ஓர் எழுத்தில் நாக்கு புரண்டாலும் விடமாட்டாள்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு போனிலேயே ஓதிக் கொடுக்க ஆரம்பித்தாள். அங்கேதான் வந்தது வினை. கரடு சிக்னலை மறைத்தது. பிள்ளை தப்பாக ஓதியதும் இவள் "நில்லு" என்பாள். அது போய்ச் சேர்வதற்குள் பிள்ளை இரண்டு வார்த்தை தாண்டியிருக்கும். சரியாக ஓதியதைத் திருத்திக்கொண்டு, தப்பை அப்படியே வைத்துக்கொள்ளும்! பெற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஆலிமாவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்று ஊர் பேசியது. கரட்டை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

இந்த வருஷம் ஒரு நிறுவனம் ட்ரோன்களை வைத்து இணையம் கொடுத்துப் பார்க்க வந்தது. தரையிலிருந்து வயரில் கரண்ட் ஏற, ஏரிக்கரையில் ஒன்றும் கரட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமாக அந்தரத்தில் நின்று சிக்னலைக் கைமாற்றின. அவற்றை ஏற்றி இறக்கும் பொறுப்பு, திருச்செங்கோட்டுப் பெண் கலைமணிக்கு. அதே சமயம் சென்னையில் ஓர் ஆன்லைன் மதரஸா, மாதிரி வகுப்பு எடுத்துக்காட்டச் சொல்லி மெஹர்பானுவை அழைத்தது. தேறினால் ஆசிரியை வேலை. தவறினால், ஊர் பேசியதே உண்மையாகிவிடும்.

மாதிரி வகுப்பு நாளன்று காலையில் அவளுக்கு ஆசை பொறுக்கவில்லை. "கலைமணி, அதை எங்க ஊட்டுக்கு மேலயே கொண்டாந்து நிறுத்தும்மா. கிட்டத்துல இருந்தா இன்னும் நல்லாக் கெடைக்குமில்ல?"

கலைமணிக்கு மறுக்க மனசு வரவில்லை. பக்கத்தில் காளியப்பனின் கோழிப்பண்ணை இருப்பதை இருவருமே யோசிக்கவில்லை. தலைக்கு மேல் ட்ரோன் இரைந்ததும், பருந்து வந்துவிட்டதென்று குஞ்சுகள் மிரண்டன. காளியப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏனுங்க ஆலிமா, குஞ்செல்லாம் ஒரே மூலையில ஏறி நெரியுதுங்க! மொதல்ல அதை எறக்கச் சொல்லுங்க!"

"தப்பு எம்மேலதாங்கண்ணா. நாந்தான் கொண்டாரச் சொன்னேன்."

ட்ரோன் இறங்கியது. இணையமும் போயிற்று. மெஹர்பானு பரீட்சையை மறந்து கொட்டகைக்கு ஓடினாள். காளியப்பனோடு சேர்ந்து குஞ்சுகளை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பிரித்துவிட்டாள். நல்லவேளை, ஒன்றும் சாகவில்லை.

காளியப்பனின் கோபம் தணிந்தது. "ஏரிக்கரையில நின்னப்ப ஒரு குஞ்சுகூட அசையலீங்களே, அம்மிணி. அங்கயே ஏத்திக்கலாம். ஊரே பேசுற அந்தப் பரீட்சை எப்பங்க?"

"இப்பத்தாங்கண்ணா."

அவர் பதறிப்போய், தன் முட்டை வண்டியிலேயே ட்ரோனையும் கலைமணியையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் பறந்தார். கொஞ்ச நேரத்தில் ட்ரோன் அங்கே மறுபடி மேலேறியது.

மெஹர்பானு கைகால் கழுவி, முக்காட்டைச் சரிசெய்து உட்காரவும், திரையில் சென்னை மதரஸாவின் தலைமை ஆசிரியரான ஹஜ்ரத்தும் ஓத வந்த ஒரு சிறுமியும் வரவும் சரியாக இருந்தது. சிறுமி ஓதினாள். ஓரிடத்தில் எழுத்து பிசகியது.

"நில்லு."

சிறுமி நின்றாள். அதே எழுத்தில் நின்றாள்! மெஹர்பானுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எழுத்து தொண்டையில் எங்கே பிறக்கிறது என்று ஓதிக் காட்டினாள். சிறுமி திருப்பி ஓதியபோது தங்கமாக இருந்தது. அதன்பிறகு ஒரு பிசகும் அவளைத் தாண்டிப் போகவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஹஜ்ரத் மலர்ந்து சிரித்தார். "நாளைக்கே வகுப்பை ஆரம்பிச்சிருங்கம்மா. இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

"இதே ஊர்லதாங்க ஹஜ்ரத்" என்றாள் மெஹர்பானு.