அக்கா காசிக்குப் போகவில்லை

இந்த நினைவு மலரை அச்சிடும் ராயபுரத்து அச்சாபீஸ்காரர் நல்ல மனிதர். காலமானவர்களைப் பற்றி எழுத வராதவர்களின் கஷ்டத்தை உத்தேசித்து, சில வாக்கியங்களை எழுத்துக் கோத்து எப்போதும் தயாராக வைத்திருக்கிறார். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். அக்காவுக்காக அவர் எடுத்துக் காட்டிய வாக்கியம் இது: "தீர்த்த யாத்திரைகள் பல செய்து, புண்ணியம் தேடி, இறைவன் திருவடி நிழலில் அமர்ந்தார்."

அதை எடுத்துவிடச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். உடன்பிறந்தவளுக்குப் புண்ணியம் வேண்டாம் என்கிற ஆசாமியை அவர் அதற்கு முன் கண்டதில்லை போலும்.

அக்கா ஒரு தீர்த்த யாத்திரையும் செய்யவில்லை. செய்யப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்தவன் நான். ஓராண்டு நிறைவுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கும் உற்றாரும் நண்பர்களும் அந்தப் பொய்யை அச்சிலும் படிக்க நேர்ந்தால், எனக்குப் பிறகு என்னைப் பற்றி மலர் எழுதுகிறவன் எதை எடுப்பான், எதை விடுவான் என்று யோசனையாக இருந்தது.

அக்கா பிறந்தது ராயபுரத்தில், கடற்கரைக்குப் போகும் சந்தில். பதின்மூன்றில் கல்யாணம், பதினேழில் அது முடிந்துவிட்டது. திரும்பி வந்த வீட்டில் தகப்பனார் இல்லை, தாயார் படுக்கையில், ஐந்து வயதில் நான். எங்கள் தெருவில் வைத்தியம் பார்த்த ஒரு லேடி டாக்டரம்மாள் சிபாரிசு செய்து, அக்காவைப் பிரசவம் பார்க்கும் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். அன்றைக்கு ஊர் பேசியதை இங்கே எழுதுவது மரியாதையல்ல. பேசியவர்கள் வீட்டுப் பெண்களே பிற்பாடு அக்காவைத் தேடி வந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தண்டையார்பேட்டைப் பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பத்துமூன்று வருஷம் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், உடுத்தேன், ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவானேன். மிச்ச நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு ஹாஸ்யக் கட்டுரை எழுதுகிறேன். அவை ஹாஸ்யம் என்பது பத்திரிகாசிரியரின் அபிப்பிராயம். அக்கா படித்துவிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையாடா?" என்று கேட்பது வழக்கம்.

அத்தனை வருஷத்தில் அக்கா எண்ணூருக்கு அப்பால் போனதில்லை. எந்த வீட்டில் எவளுக்கு எப்போது வலி எடுக்கும் என்று யார் கண்டது? சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போவார். சென்ற மகாயுத்தத்தில் ஜெர்மன் கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன மறுநாள், பட்டணத்தில் பாதி மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. நானும் ஓடினேன், காட்பாடி வரையில். அக்கா வரவில்லை. மூன்று பேர் நிறைமாதம் என்றார். ஊரே பயணம் போனபோதும் போகாதவர் அவர்.

ஆஸ்பத்திரியின் பிரசவ அறைச் சுவரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் காலண்டர் தொங்கிற்று. வருஷம் போனபின் தேதிகளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். பனி மூடிய மலை, அடிவாரத்தில் தேயிலைத் தோட்டம். வலி தாங்காமல் கத்துகிற பெண்ணிடம் அக்கா, "அத்தப் பாரு. அந்த மல மேல ஏறிக்கினு கீறேன்னு நெனச்சுக்கோ. இன்னும் ரெண்டு அடிதான்" என்பாராம். வடசென்னையில் அந்த மலையில் ஏறாத தாய்மார் குறைவு. ஏறச் சொன்னவர்தான் பார்த்ததில்லை.

ஐம்பத்தைந்தில் ஓய்வு. நான் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டேன். அக்கா அதில் பதினோரு நாள் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால், வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். பன்னிரண்டாம் நாள் காலையில் ட்ராம் ஏறி, லைன் முடிகிற இடம் வரை போய், இறங்காமல் திரும்பி வந்தார். மறுநாள் வேறு லைன். ஒரு வாரத்தில் பட்டணத்து லைன்கள் தீர்ந்துவிட்டன. கண்டக்டர் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து, அம்மாவுக்கு மனசு ஏதாவது சரியில்லையா என்று என்னிடம் மெதுவாக விசாரித்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு சாமான்கள் வர ஆரம்பித்தன. காப்பியைச் சூடாகவே வைத்திருக்கும் பிளாஸ்க்கு. தோல் பை. வார் வைத்த செருப்பு. ரயில்வே கைடு. ரோஜா வாசனைச் சோப்பு. கணவனை இழந்தவளுக்கு வாசனைச் சோப்பு எதற்கு என்று என் மனைவியைக் கேட்டவர்கள் பலர். என்னைக் கேட்டவர்கள் அதைவிடப் பலர். அக்காவைக் கேட்டவர் ஒருவருமில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேரின் பிள்ளைகளுக்கு முதல் குளியல் செய்வித்தவர் அவர்.

எனக்கும் மனத்தாங்கல்தான். அக்காவுக்கு வரும் பிராவிடண்டுப் பணத்தில் மாடியில் ஓர் அறை எழுப்பி, அதில் உட்கார்ந்து எழுதினால் என் ஹாஸ்யம் உயரும் என்று நம்பியிருந்தேன். மேஸ்திரியை அழைத்துவந்து சுவரைத் தட்டிப் பார்த்ததும் உண்டு. என் மகளின் நகைக்கு வேண்டியதை முதல் நாளே ஒதுக்கிவிட்டுத்தான் அக்கா பிளாஸ்க்குக் கடைக்குள் கால் வைத்தார் என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் குற்றாலம் போனார். பிறகு மைசூர். குற்றாலத்திலிருந்து வந்ததும், சுவாமி தரிசனம் நன்றாக ஆயிற்றா என்று கேட்டேன். "அருவில குளிச்சேன்டா. மூணு வேளையும் குளிச்சேன்" என்றார். மைசூரில் தங்கிய ஓட்டலின் மெத்தையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். வீட்டில் இருக்கும்போது தூணுக்கும் வாசலுக்குமாக நடப்பார். ரயில் ஊதினால் தலை திரும்பும். ராயபுரத்தில் ரயில் ஊதாத நேரம் ஏது?

அடுத்தது டார்ஜிலிங் என்றார். காலண்டர் மலை அங்கேதான் இருக்கிறது என்று கைடைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். தன்னந்தனியாக, கல்கத்தா போய், அங்கிருந்து வேறு ரயில், அதற்குப் பிறகு சின்ன ரயில்.

அச்சமயத்தில் என் மகளுக்குத் திருவொற்றியூரில் ஒரு வரன் கூடி வந்திருந்தது. பையனின் தாயார் கோயில் குளம் என்று ஆசாரமாக இருப்பவர். பெண்ணின் அத்தை பனியைப் பார்க்கப் போகிறாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? காசிக்குப் போகிறார் என்று அவரிடமும், கேட்ட எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சுலபமாக வந்தது. அன்றாடம் கற்பனை செய்து பழகிய வாயல்லவா?

காசிக்குப் போகிறவர் தனியாகப் போவதில்லை. ஊரின் வேண்டுதல்கள் எல்லாம் கூடப் போகும் என்பதை நான் மறந்துபோனேன். இரண்டே நாளில் மஞ்சள் துணியில் முடிந்த காசுகள் வர ஆரம்பித்தன. கங்கை ஜலத்துக்குச் சொம்புகள் வந்தன. அக்கா வீட்டில் இல்லாத வேளை பார்த்து நானே எல்லாவற்றையும் வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். தனியாக யோசித்துச் சமாளிக்கலாம் என்று எண்ணம்.

ஒரு நாள் மாலை, திருவொற்றியூர் அம்மாள் ஜட்காவில் வந்து இறங்கினார். கையில் வாய் கட்டிய சிறு மண் கலயம். ஆறு வருஷத்துக்கு முன் இறந்த தம் கணவரின் அஸ்தி. தோட்டத்து மரத்தில் கட்டி வைத்திருந்தாராம், காசிக்குப் போவார் எவரும் கிடைக்காமல். அதை வீட்டுக்குள் கொண்டுவரலாகாது. ஆகையால் தெருவிலேயே நின்றுகொண்டார். ஆகையால் தெருவும் நின்று பார்த்தது. அக்கா வெளியே வந்தார்.

"கங்கையில கரைச்சிட்டு வந்துடுங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று கலயத்தை நீட்டினார் அந்த அம்மாள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜட்காக் குதிரையைப் பார்த்தேன்.

"நான் காசிக்குப் போவலம்மா."

"உங்க தம்பிதான சொன்னாரு."

"பொய் சொல்லிக்கீறான். நான் டார்ஜிலிங்குக்குப் போறேன். பனிமல பாக்க."

"அங்க இன்னா சாமி?"

"சாமில்லாம் இல்ல. மலதான்."

"பின்ன எதுக்கு?"

"பாக்கத்தான்."

அந்த அம்மாளுக்குக் கோபம் வரவில்லை, விளங்கவில்லை. அக்கா இறங்கிப் போய்ச் சமாதானமாகச் சொன்னார்: "திரும்பி வரப்போ காசில எறங்கி இத்த கரைச்சிட்டு வரேன், கண்டிப்பா செய்யறேன். ஆனா மல பாக்கப் போனவ வழியில செஞ்ச வேல அது. அப்டின்னு தெரிஞ்சிக்கினு குடுங்க. ஆறு வருசமா காத்துக்கினு கீற மனுசன், அவர ஏமாத்த எனக்கு மனசு வர்ல."

அந்த அம்மாள் நீட்டிய கலயத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அதை மார்போடு அணைத்தபடி ஜட்காவில் ஏறிவிட்டார். மூன்றாம் நாள், ஜாதகம் சரியில்லை என்று ஆள் வந்தது.

அன்று நான் பேசியதை இங்கே பூராவும் எழுத முடியாது. உனக்காக அல்ல, ஒரு சின்னப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை பொய் சொல்லக்கூடாதா என்றேன். நாற்பது வருஷம் எனக்குச் சோறு போட்டவரைப் பார்த்துத் தன்னலக்காரி என்றேன். கடைசியில், "இனிமே உன் பயணத்தப் பத்தி இந்த வூட்ல பேச்சே எடுக்காதே. நீ இன்னா பாத்தேன்னு எங்களுக்குத் தெரிய வேணாம்" என்றேன்.

"சரிடா" என்றார் அக்கா.

மறுநாள், நான் வாங்கி ஒளித்திருந்த காசுகளையும் சொம்புகளையும் வீடு வீடாகச் சென்று அவரே திருப்பிக் கொடுத்தார். புறப்பட்ட நாளன்று நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. ஆபீசில் வேலை இருந்தது என்று அப்போது சொன்னேன்.

இருபத்தாறு நாள் கழித்துத் திரும்பினார். மூக்கு நுனி கறுத்து உரிந்திருந்தது. தோளில் ஒரு கம்பளிச் சால்வை. வீட்டுக்கென்று ஒரு பொட்டலம் தேயிலை கொண்டுவந்திருந்தார். அதைக் குடித்தோம். நன்றாகவே இருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அக்கா வாக்குத் தவறாதவர் என்பதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

நான்கு மாதத்துக்குள் என் மகளுக்கு எண்ணூரில் நல்ல இடம் அமைந்தது. என் கோபம் அப்போதே போய்விட்டது. ஆனால் கோபம் போன பிறகு கேட்க வெட்கம் வந்தது. நாளைக்குக் கேட்கலாம், பேச்சு வாக்கில் கேட்கலாம் என்று ஒரு வருஷம் தள்ளினேன். பிறகு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி, மருந்து, ஜன்னல் என்று எதையெதையோ பேசினேன். காய்ச்சல் விட்டதும் கேட்கலாம் என்று இருந்தேன். ஒன்பதாம் நாள் பிற்பகலில் அக்கா அமைதியானார்.

மூன்று வாரம் சென்றிருக்கும். எங்கள் தெருவில் மீன் விற்க வரும் காசிமேட்டுக் கன்னியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நைனா, அந்த மல தெரியாமப் போன கதயச் சொன்னாங்களா உனுக்கு?" என்றாள். இல்லை என்றேன். அவள் என்னைக் கொஞ்சம் அதிசயமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மூணு நாளு ஒண்ணியும் தெரிலயாம். ஒரே மூட்டமா கீதாம். ஒரு ஜவானு தெனம் வந்து, 'போய்ப் படுத்துக்கோ, மாயி'ன்னு அவங்க பாஷைல சொன்னானாம். நர்ஸம்மா நாற்காலிய வுட்டு எந்திரிக்கவே இல்லியாம்." நாற்காலியை விட்டு எழுந்திருக்காத அக்காவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நாலாம் நாள் என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் யாரோ மீனுக்குக் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அடுத்த ரயிலில் எண்ணூருக்குப் போனேன். மூட்டம் விலகினபோது, உப்பளத்தில் குவித்த உப்பின் மேல் காலை வெயில் விழுந்தாற்போல இருந்தது என்று அத்தை சொன்னாள் என்றாள் மகள். அவ்வளவுதானா என்றேன். மீதியைச் சிரித்துக்கொண்டே கையால் காட்டினாள் என்றாள். ட்ராம் கண்டக்டரைத் தேடிப் பிடித்தேன். சின்ன ரயில் வளைந்து வளைந்து ஏறும்போது கூடவே இறங்கி நடக்கலாமாம், அக்கா நடந்தாராம். ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி, அங்கே ஒரு பெண்ணுக்கு வழியிலேயே வலி எடுத்து அக்கா பிரசவம் பார்த்ததாகச் சொன்னாள். இன்னொருத்தி, இல்லை, அது மைசூரில் என்றாள். எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

கடைசியாகத் திருவொற்றியூருக்குப் போனேன். துணிச்சல் வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த அம்மாள் என்னை உட்காரச் சொன்னார். ஊர் திரும்பிய மறுவாரமே அக்கா அங்கே போயிருக்கிறார். காசிக்கு எந்த ரயில், எங்கே மாறவேண்டும், எங்கே தங்கலாம் என்று கைடைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் மகனை அழைத்துக்கொண்டு தாமே போய்க் கலயத்தைக் கரைத்துவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அக்கா மாதம் ஒரு தரம் போய்ப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவாராம்.

"மலயப் பத்தி அவ்ளோ சொல்லுவாங்க. உங்க தம்பிகிட்ட சொல்லலியான்னு கேட்டேன்" என்றார் அந்த அம்மாள். "'அவன் கேக்கட்டும்னு கீறேன். கேக்காம எங்க போவான்'னு சிரிச்சாங்க."

இத்தகைய கட்டுரையின் முடிவில் நன்றி சொல்வது முறை. காய்ச்சலில் உடனிருந்து பார்த்த டாக்டருக்கும், கஞ்சி கொண்டுவந்த அடுத்த வீட்டாருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அதைவிடப் பெரிய நன்றி, அக்கா பார்த்துவிட்டு வந்ததை உட்கார்ந்து கேட்டவர்களுக்கு. கன்னியம்மாளுக்கு, என் மகளுக்கு, கண்டக்டருக்கு, ஆயாக்கள் இருவருக்கும், திருவொற்றியூர் அம்மாளுக்கு. நான் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள்.

இம்மலரைப் படிப்பவர்களில் இன்னும் யாரிடமாவது அக்கா அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தயவுசெய்து வாருங்கள். எந்த ஞாயிற்றுக்கிழமையும் காலையில் வீட்டில்தான் இருப்பேன். எதுவானாலும் சரி, அங்கே விற்ற ஆரஞ்சுப் பழத்தின் விலையானாலும் சரி. நடுவில் ஒன்றும் பேசமாட்டேன்.